இறந்த என் தங்கையைக் காப்பாற்றியதாகச் சொல்லும் விளம்பரப் பலகை

அனுப்புநர்:
செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவு,
அரசு மருத்துவமனை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
விமானப் போக்குவரத்துத் துறை.

பொருள்: நோயாளிக்கென அனுமதி பெற்ற இலவச மருத்துவ விமானத்தில் உறவினர்களை ஏற்றிச் சென்றது – விசாரணை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பெருந்தொற்றுக் காலத்தில், சொந்த விமானம் வைத்திருந்த தொழிலதிபர் ஒருவர் எங்கள் மலைப்பகுதிக்கு இலவசச் சேவை தொடங்கினார். மூச்சுத் திணறுவோரைத் தலைநகருக்குக் கொண்டு செல்வார். அவரே விமானத்தை ஓட்டுவார். விடுப்பு நாள்களில் நோயாளிகளுடன் நானும் பறந்தேன். அவரை அண்ணா என்றே அழைத்தேன். நோயாளி பயந்து அழுதால் பாடிக்கொண்டே ஓட்டுவார். அவர் செய்த நன்மையை நான் மறைக்கவில்லை.

2. பிறகு, பள்ளி ஆசிரியையான என் தங்கைக்கே நோய் முற்றியது. “உன் தங்கச்சி எனக்கும் தங்கச்சிதானேம்மா. காலையில கூட்டிட்டு வந்துடு” என்றார். அந்த வார்த்தையை நம்பி, தலைநகர் செல்லக் கிடைத்த ஆம்புலன்சை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தேன்.

3. மருத்துவமனை வேனில் ஓடுதளம் சேர்ந்தபோது, அவருடைய மைத்துனர் குடும்பம் பெட்டி படுக்கையோடு விமானத்தில் ஏறிக்கொண்டிருந்தது. எவருக்கும் நோயில்லை. “இவங்களை விட்டுட்டு உடனே திரும்பிடறேன்” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். தங்கை ஆக்சிஜன் முகமூடியை விலக்கி, “போயிட்டு வரட்டும்க்கா, சண்டை போடாத” என்றாள். விமானம் திரும்பவில்லை; அவர் கைபேசியையும் எடுக்கவில்லை. ஆக்சிஜன் தீரும் நிலையில் மருத்துவமனைக்கே திரும்பினோம். வழியிலேயே, என் மடியில், அவள் மூச்சு அடங்கியது.

4. இதைக்கூட விதியென்று விழுங்கியிருப்பேன். சென்ற வாரம் விமான நிலையச் சாலையில் அவருடைய அறக்கட்டளை ஒரு பலகை வைத்திருக்கிறது. அதில் என் தங்கை சிரிக்கிறாள். கீழே, “நாங்கள் மீட்ட உயிர்.” பயண ஏற்பாட்டுக்காக நான் அனுப்பிய படம் அது. நேரில் போய்க் கேட்டேன். “நல்ல காரியத்துக்குத்தானேம்மா, பெரிசு பண்ணாத” என்றார்.

தொற்று விதிகளால் மகளின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க முடியாமற்போன எங்கள் அம்மா, பேருந்திலிருந்து அந்தப் பலகையைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வந்து, “அவ எங்கயாவது இருக்காளாடி?” என்று கேட்டார். இன்னும் கேட்கிறார்.

5. ஊரடங்கில் மருத்துவப் பயணத்துக்கு மட்டுமே விமானம் எடுக்க அனுமதி இருந்தது. என் தங்கை இறந்த அன்று யார் பெயரில் அனுமதி வாங்கினார்கள், யார் ஏறிப் போனார்கள் என்று தாங்கள் விசாரிக்க வேண்டும். அதற்கு நாளாகலாம், காத்திருக்கிறேன். அந்தப் பலகையை மட்டும் இன்றே இறக்கச் சொல்லுங்கள் ஐயா. தங்கை இறந்துவிட்டாள் என்பதை அம்மாவிடம் தினமும் நான் புதிதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இடம்: செவிலியர் விடுதி
நாள்: 9.3.2022

இப்படிக்கு,
(ஒப்பம்)
செவிலியர்,
அந்தப் படத்தில் இருப்பவளின் அக்கா.