மொகல் தெருவில் யாரும் இல்லை

மே 6, ஞாயிறு

கத்திரி வெயில். காலையிலேயே கேமராவோடு எண்ணூர் பக்கம். ஆலைப் புகைபோக்கி ஒன்று, பின்னால் கடல். ஆள் நடமாட்டம் ஓய முக்கால் மணி காத்திருந்தேன். மீன்காரி ஒருத்தி கூடையோடு நடுவில் வந்து நின்று, "இன்னா நைனா, என்னியும் ஒண்ணு புடி" என்றாள். கையசைத்து விரட்டினேன். "மனுசாள்னா அவ்ளோ கசப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஒரே படம். ஆள் இல்லாத படம்.

காலடிப்பேட்டை வீட்டுக்குத் திரும்பினால் அக்கா, மகள் கமலாவின் கல்யாண வேலைகளை ஒப்பிக்கிறாள். பந்தல்காரர். நாதஸ்வரம். சமையலுக்கு விறகு. 25ஆம் தேதி பூவாடைக்காரிப் படையல். சுமங்கலியாய்ப் போனவளுக்குப் புடவையும் பூவும் வைத்துக் கும்பிட்ட பிறகுதான் பெண் கழுத்தில் தாலி ஏற வேண்டுமாம்.

கமலா கேட்டாள்: "அம்மா படம் ஒண்ணு வெச்சுக் கும்பிடலாமாப்பா?"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா: "ரங்கூனையே டப்பால அடைச்சு எடுத்தாந்தான் உங்கப்பன். உங்கம்மாதான் அதுல இல்ல."

மே 8, செவ்வாய்

துறைமுகத்தில் கோதுமைக் கப்பல். மூட்டை எண்ணி எண்ணி, இன்னும் காதில் எண்ணிக்கை ஓடுகிறது.

சாயங்காலம் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். நெகடிவ் அறுபத்து மூன்று. சூலே பகோடா, நான்கு பக்கமிருந்தும். ஸ்ட்ராண்டு ரோடு, மழையில் ஒன்று, வெயிலில் ஒன்று. டிராம் வராத நேரத்து டிராம் தண்டவாளம். நாங்கள் குடியிருந்த மொகல் தெரு, எட்டு. எல்லாம் விடிந்ததும் விடியாததுமாக எடுத்தவை. கமலாவின் அம்மா தனம் ஒன்றிலும் இல்லை. எப்படி இருப்பாள்? படத்தில் ஆள் விழுந்தால் நகரத்தின் அழகு கெட்டது என்று ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்துவிட்டு ஆடினேன். ஒரு தடவை அவளே கேட்டாள், என்னை ஒண்ணு எடுங்களேன் என்று. பிலிம் வீண் என்றேன். இதே வார்த்தை.

நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஊரே இந்தியாவுக்கு நடந்தபோது, சுமையைக் குறைக்கச் சொன்னார்கள். சோற்றுப் பானையை எறிந்தேன். டப்பாவை எறியவில்லை. அரக்கான் மலைப் பாதையில் காலரா. தனம் போனாள். குழி தோண்டக்கூட நிற்க விடவில்லை. ஒரு தோளில் நாலு வயசுக் கமலா, இன்னொன்றில் காலித் தெருக்கள். மடையன்.

படுக்கும் முன் கமலா: "அம்மா மூஞ்சி எப்படிப்பா இருக்கும்?"

"லட்சணமா இருப்பா."

"லட்சணம்னா?"

மொகல் தெருவில் எந்தக் கடைக்கு எந்தப் பலகை என்று கேட்டிருந்தால் வரிசையாக ஒப்பித்திருப்பேன்.

மே 11, வெள்ளி

லீவு போட்டேன். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு நெகடிவாக.

மொகல் தெரு, ஐந்தாவது. மூன்றாம் மாடி, எங்கள் பால்கனி. கதவுக்கு நடுவே ஒரு புள்ளி. தூசி என்று ஊதினேன். போகவில்லை. கண்ணாடியைக் கிட்டே கொண்டுபோனேன். ஆள். வெளிர் புடவை. ஒரு கை கம்பியில். தனம்.

அன்று தெருவில் நின்று கத்தினேன்: "உள்ளே போடி, படத்துல விழறே." போனாள். நான் கேமராவில் குனிந்ததும் திரும்பி வந்திருக்கிறாள். என் பேச்சை அவள் கேட்காமல் செய்த காரியம் இது ஒன்றுதான். செய்தாளே, மகராசி.

கமலாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெகடிவில் முகம் கறுப்பு, கூந்தல் வெளுப்பு, மொத்தமே அரிசி நொய் அளவு. "ஒண்ணும் புரிலயேப்பா." பெரிசு பண்ணினால் தெரியும் என்றேன். அழுதுகொண்டே சிரித்தாள். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள். இன்று வீட்டில் எல்லோரும் என்னிடம் பிரியமாக இருந்தார்கள்.

மே 13, ஞாயிறு

ராயபுரம், ஸ்டூடியோ. பத்து வருஷமாக என் படங்களைப் பெரிதாக்குகிறவன் அந்தோணி. டச்சிங்கும் அவனே. காக்கை, பட்டம், தூரத்தில் போகிற கூலியாள், எதுவானாலும் நெகடிவிலேயே கத்தியால் சுரண்டியோ மை வைத்தோ மறைத்துவிடுவான். "மனுசன் வாடையே ஆவாது நம்ம சாருக்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவான். நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அதனால்தானோ என்னவோ, இன்று வாய் வரவில்லை. போட்டோ பிடிக்க ஒரு குடும்பமே வந்து உட்கார்ந்திருந்தது. அத்தனை பேர் முன்னால், இதில் என் சம்சாரம் இருக்கிறாள் என்று எப்படி? நெகடிவை நீட்டினேன். "மூணாவது மாடி பால்கனி நல்லா வரணும். ரொம்ப முக்கியம்."

"கண்ல ஒத்திக்கிற மாதிரி தரேன் சார்."

மே 20, ஞாயிறு

படம் வந்துவிட்டது. அவ்வளவு பெரிய மொகல் தெருவை நான் பார்த்ததில்லை. பால்கனிக் கம்பி ஒவ்வொன்றும் தெரிகிறது. கதவுக்குள் இருட்டு. இருட்டு மட்டும்.

"இங்கே..." என்றேன்.

"ஒரு பொம்பள நின்னுகினு இருந்திச்சு சார். நீங்க கவனிக்கல போல. பால்கனி முக்கியம்னு சொன்னீங்களே, ரெண்டு நாள் குந்திகினு நைசா சொரண்டினேன். சுவடு தெரீதா பாருங்க."

தெரியவில்லை. பத்து வருஷத்தில் இவ்வளவு நல்ல வேலை அவன் செய்ததில்லை.

நெகடிவை வாங்கி வெயிலில் பிடித்தேன். அந்த இடம் வெறும் கண்ணாடி மாதிரி. சுரண்டுமுன் ஒரு பிரதி போட்டாயா? இல்லை சார். கொடுக்குமுன் நானாவது போட்டு வைத்திருக்கலாம். தோன்றவில்லை.

"அது என் சம்சாரம், அந்தோணி."

உட்கார்ந்துவிட்டான். "ஏன் சார், வாயத் தொறந்து ஒரு வார்த்த..." அடிக்கலாம் போலிருந்தது. யாரை?

மே 21, திங்கள்

கமலாவிடம் சொல்லியாயிற்று. "போவட்டும்பா" என்றாள். சாப்பாடு போட்டாள். தலைவலி. ஆபீஸில் இரண்டு முறை எண்ணிக்கை தப்பு.

மே 25, வெள்ளி

படையல். காற்றே இல்லை. மஞ்சள் புடவை, மல்லிகை, கண்ணாடி வளையல், வடை, பாயசம். கலசத்துக்குப் பின்னால் மொகல் தெருவைச் சாய்த்து வைத்தாள் கமலா. வேண்டாம் என்றேன். "இருக்கட்டும்பா. அம்மா இருந்த வூடாவது தெரீதே."

அந்தோணி வந்தான். வாசற்படியிலேயே நின்றான். அக்கா இழுத்து வந்து என் பக்கத்தில் இலை போட்டாள். அவன் சோற்றைத் தொடவில்லை.

கமலா அவன் எதிரே வந்து உட்கார்ந்தாள். "மாமா, சொரண்டறதுக்கு முந்தி நீங்க லென்ஸ் வெச்சுப் பாத்தீங்க இல்ல?"

"பாத்தேம்மா."

"எப்படி இருந்தாங்க?"

அவன் என்னைப் பார்த்தான். நான் இலையைப் பார்த்தேன்.

"சிரிச்சுகினு இருந்திச்சும்மா. நெத்தி அப்டியே உன்னுது."

நிஜமோ பொய்யோ. நான் கத்திய பிறகு அவள் சிரித்திருப்பாளா? கமலா விடவில்லை. மூக்கு எப்படி, கம்மல் போட்டிருந்தார்களா, பின்னலா கொண்டையா. எல்லாவற்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னான். ஏழு வருஷம் தனத்தோடு குடித்தனம் பண்ணிய நான் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை அவள் ஒன்றும் கேட்கவில்லை.