வலது சுவர்

செப்டம்பர் 18

மரப்பட்டறை உரிமையாளருக்கு,

வணக்கம். கம்பளி திணித்த உங்கள் மரச்சுவர்கள் நான்கும் கோவேறு கழுதைகளின் முதுகில் பத்திரமாக மலையேறி வந்தன. நேற்று நிறுத்தினோம். மூட்டுகள் அழகாகப் பொருந்தின. என்ன பிரயோஜனம்? ஜன்னல் கிழக்கே சூரியனைப் பார்க்காமல் மேற்கே பாறையைப் பார்க்கிறது. அடுப்பே இல்லாமல் வெயிலிலேயே சூடாகவேண்டிய குடில் இது. வரைபடத்தில் 'வலது சுவர்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். இடது வலது தெரியாதவரோடு ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தினேனே, என்னைச் சொல்லவேண்டும்.

சுவர்களை இடம் மாற்றிப் பார்த்தோம், கூரைச் சரிவு ஒத்துவரவில்லை. பன்னிரண்டு நாளில் பனி விழுந்துவிடும் என்கிறார் கழுதைக்காரர். அதற்குள் கூரை ஏறாவிட்டால் மூன்று வருட உழைப்பும் நனைந்து வீணாகிவிடும். இங்கே போன் எடுக்காது. பதிலை அவரிடமே கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
வடிவமைப்பாளர்


செப்டம்பர் 20

கோபக்காரிக்கு,

'உரிமையாளருக்கு' என்று பார்த்ததும் வேறு யாருக்கோ வந்ததென்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். உள்ளே திட்டு இருந்ததால் எனக்குத்தான் என்று தெரிந்தது.

தப்பு என்னுடையது, பாதி. உள்ளே கதவைப் பார்த்து நின்றால் எது வலதோ அதையே எடுத்துக்கொண்டேன். நீ வெளியே நின்று எழுதியிருக்கிறாய். தங்கப்போகிறவன் உள்ளேதானே இருப்பான்? நம் சமையலறை அலமாரிக்கும் இதே சண்டைதான். அப்போது மூன்று நாள் பேசவில்லை. நீ பிரிந்துபோன இந்த இரண்டு வருடத்துக்கு அலமாரி மேல் பழி போட முடியாது. வீடு முழுக்கப் பலகை அடுக்கி, உன் வரைமேசையையும் மூடியவன் நான்தான்.

இரும்பாணி எதுவும் இல்லை, மரமுளைகளைத் தட்டிவிட்டால் சுவர்கள் கழன்றுவிடும். மூலை மூட்டுகளைப் புதிதாக வெட்டவேண்டும். அதை இன்னொருவர் கையில் விடமாட்டேன், நானே வருகிறேன். ஏணியில் நாலாம் படிக்கே தலை சுற்றுகிறவன்தான், சிரிக்காதே. என் கம்பளித் தொப்பியை எங்கே தேடியும் காணோம். இல்லாமலே வருகிறேன்.

அன்புடன்,
பட்டறைக்காரன்


அக்டோபர் 1

அன்புள்ள பட்டறைக்காரருக்கு,

நீங்கள் இறங்கிப்போன மறுநாளே பனி கொட்டிவிட்டது. கூரை அசையவில்லை. கழுதையின் வாலைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி நீங்கள் ஏறிவந்த கதையைக் கழுதைக்காரர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

ஐந்து நாளும் உளியையும் மூட்டுகளையும் தவிர நாம் வேறெதுவும் பேசவில்லை. கிளம்பும்போது மட்டும், "நீ கட்டினதுல ஒண்ணையும் நான் இதுவரைக்கும் உள்ள வந்து பாத்ததே இல்ல" என்றீர்கள். பதிலை இப்போது எழுதுகிறேன்.

நானும் பார்த்ததில்லை. இத்தனை கட்டிடம் கட்டியும் எதிலும் ஒரு நாள் தங்கியதில்லை. தள்ளி நின்று பார்த்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். நம் வீட்டையும் அப்படித்தான் பார்த்தேன், பலகை மேல் பழியைப் போட்டேன். இன்று வெளியே பனி, உள்ளே வெயில். கையுறையைக் கழற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

தொப்பியைத் தேடவேண்டாம். வீட்டை விட்டுப் போனபோது நான்தான் எடுத்துவந்தேன்.

வெள்ளிக்கிழமை இறங்குகிறேன். பலகைகளை அகற்றிவிட்டு, ஜன்னலுக்கு வலது பக்கம் என் மேசையைப் போட்டுவையுங்கள். உள்ளே நின்று பார்த்தால் வரும் வலது.

உங்கள்
கோபக்காரி