நெட்டி முறிக்கும் மருமகள்

ஸ்ரீரங்கம்
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்புள்ள சித்தார்த்தனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம் என்று எழுதினால் அதில் பாதி பொய், ஆனாலும் எழுதிவிட்டேன். அங்கே நீயும் ஹெலனும் அவள் வயிற்றில் இருக்கும் குழந்தையும் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். கையில் செல்போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீடியோவில் பேசினால் உன் முகத்தோடு சேர்த்து உன் கையும் தெரிகிறது. உன் கையைப் பார்க்க எனக்கு இப்போது பிடிக்கவில்லை, அதனால் தாளை எடுத்தேன். முழுசாகப் படி, நடுவில் என் பேச்சை முடித்து வைக்க இதில் வழி கிடையாது.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்ததைப் போன மாதம் சொன்னேனே, முட்டி வீக்கம் வற்றிவிட்டது. நீ அதற்குப் பிறகு ஒரு தடவைகூட விசாரிக்கவில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். ஊன்றிக்கொண்டு நடக்கக் கம்பு வாங்கிக் கொடுத்தால் அதை வைத்துத் தெரு நாயை விரட்டுகிறார். முகூர்த்த மாதம் என்பதால் தைக்க வந்த ரவிக்கைத் துணி கட்டில் வரைக்கும் குவிந்து கிடக்கிறது. எதிர்வீட்டு ராசாத்தி இன்றைக்கும் அளவு கொடுக்க வந்தாள், வந்ததும் வழக்கம்போல உங்க மருமகள் எப்படி இருக்காங்க, இன்னும் உங்களுக்குத் திருஷ்டி கழிக்கிறாங்களா என்று கேட்டாள். ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பிரசவத்துக்கு வரச் சொல்லி நீதான் கூப்பிட்டாய். ஏர்போர்ட்டில் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிய வேண்டும், ஹெலனோடு வீட்டில் தனியாக இருக்கும்போது நாலு வார்த்தை பேசத் தெரிய வேண்டும், எந்நேரமும் நானே மொழிபெயர்த்துக்கொண்டு நிற்க முடியாது என்று சொன்னதும் நீதான். சரி என்று ஐம்பத்தெட்டு வயதில் நோட்டு வாங்கிக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தேன். பதினோரு பேர், எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். மணப்பாறை மாட்டுத் தரகர் ரெங்கராஜ், மெல்போர்னில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறவர். பிரிட்டோ, கப்பலில் சமையல் வேலைக்குப் போகிறவர். பிரிட்டோவுக்கு நாக்கு புரளாது, மூன்று வார்த்தை சேர்த்துச் சொல்வதற்குள் வேர்த்துவிடும். அதைப் பார்த்து வகுப்பே சிரிக்கும், நானும் சிரித்திருக்கிறேன், என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான் என்ற திமிர் எனக்கு. சொல்லிக்கொடுக்கிற லிசி டீச்சர் மட்டும் சிரிக்கமாட்டாள்.

ஒரு சனிக்கிழமை வந்து, இன்றைக்கு வாய்க்கு லீவு, கையும் தலையும் பேசுவதைப் படிக்கலாம் என்றாள். நாம் தலையை இரண்டு பக்கமும் ஆட்டுவது சரியா மாட்டேனா என்று வெள்ளைக்காரர்களுக்குப் புரியாது, பெரியவர்கள் முன்னால் நாம் கண்ணைத் தாழ்த்துவது மரியாதை, அங்கே அதையே எதையோ மறைக்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள், இப்படி ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரெங்கராஜ் எழுந்து தோள்துண்டை பிரிட்டோ கைமேல் போட்டு, சந்தையில் துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து மாட்டுக்கு விலை பேசுவதைச் செய்து காட்டினார். மெல்போர்னில் யார் கையையும் இப்படிப் பிடித்துவிடாதீர்கள் என்று டீச்சர் சொல்ல ஒரே சிரிப்பு. பிறகு அவள், வெளிநாட்டுக்காரர்கள் செய்து நீங்கள் பார்த்த சைகை ஏதாவது இருந்தால் செய்து காட்டுங்கள் என்று கேட்டாள். நான்தான் முதலில் எழுந்தேன்.

எழுந்து என்ன சொன்னேன் தெரியுமா? என் மருமகள் இங்கிலாந்துக்காரி, ஆனாலும் நம் வழக்கம் தெரிந்தவள், வீடியோவில் நான் பேசும்போதெல்லாம் எனக்கு நெட்டி முறித்துத் திருஷ்டி கழிக்கிறாள் என்று சொன்னேன். சொல்லிவிட்டு அவள் செய்வதுபோலவே இரண்டு கையையும் தலைக்குப் பக்கத்தில் தூக்கி, இரண்டிரண்டு விரலை மடக்கி மடக்கிக் காட்டினேன். நெற்றிப்பொட்டில் வைத்துச் சொடுக்கு எடுக்கத்தான் அவளுக்கு இன்னும் வரவில்லை, போகப்போகப் பழகிக்கொள்வாள் என்று வேறு சொன்னேன். இரண்டு வருஷமாக இதையே ரவிக்கை தைக்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்லியிருக்கிறேன், பெற்ற மகன் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்று உன்னையும் சேர்த்துப் புகழ்ந்திருக்கிறேன். டீச்சர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்தவருக்குப் போகலாம் என்றாள். நான் விடவில்லை, அதற்கு அர்த்தம் சொல்லுங்க டீச்சர் என்று நின்றேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். ஒரு வார்த்தையை வாயால் சொல்லிக்கொண்டே, இதை நான் நம்பவில்லை, கிண்டலுக்குச் சொல்கிறேன் என்று விரலால் மேற்கோள் குறி போட்டுக் காட்டுவதாம் அது. ரெங்கராஜ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அம்மாவுக்கு ரெண்டு வருஷமா நல்லாவே திருஷ்டி கழிஞ்சிருக்கு என்றார். பிரிட்டோ மட்டும் தலையைக் குனிந்துகொண்டார், அவர் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வரும்போது காவிரிப் பாலம் வந்தது தெரியவில்லை, ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துகொண்டிருந்தது. பிள்ளைத்தாச்சிக்குப் பூண்டுக் குழம்பு நல்லது என்று நான் சொன்னதை நீ அவளுக்கு மொழிபெயர்த்தபோது அந்த விரல். நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்று சொன்னபோது அந்த விரல். கண்ணை மேலே சுழற்றுவாளே, அதைச் சாமியை நினைக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அதற்கும் அன்றைக்கே டீச்சருக்குப் போன் செய்து அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், சலிப்பாம். எல்லாவற்றையும்விட அந்தக் கழுத்து சமாச்சாரம். பேசிக்கொண்டே இருக்கும்போது அவள் உன்னைப் பார்த்துக் கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுத்துக் காட்டுவாள். கல்யாணத்தில் கழுத்துக்கு ஒன்றும் போடவில்லையே என்று ஜாடையாகக் கேட்கிறாள் என்று நினைத்து, நான் போட்டுக்கொண்டிருந்த நாலு வளையலையும் அழித்து அவளுக்குச் சங்கிலி செய்துவைத்தேன். பேச்சை வெட்டு, போனை வை என்று அதற்கு அர்த்தமாம். அந்தச் சங்கிலியை இப்போது நானே போட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

அவள் வேற்று ஊர்க்காரி, என் வயிற்றில் பிறந்தவள் கிடையாது, அவளைக்கூட விட்டுவிடலாம் என்று நினைத்தேன். நீ எப்படி என்று பார்க்கத்தான் அதற்கடுத்த ஞாயிறு போன் செய்தேன். அப்பா விழுந்ததைச் சொன்னேன். ஐயையோ எப்பம்மா, டாக்டர் என்ன சொன்னாருன்னு வாய் பதறிக்கொண்டு கேட்டது. கை ஹெலன் பக்கமாக நீண்டு, ஒரு விரலை வட்டமாகச் சுற்றி, சீக்கிரம் முடிச்சிடுறேன் என்று காட்டியது. நீ அதை மறைக்கக்கூட இல்லை, இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று. பிறகு அவளிடம் திரும்பி, அம்மா ஹெல்ப் பண்ண வராங்க என்று இங்கிலீஷில் சொன்னாய். ஹெல்ப் என்ற வார்த்தைக்கு உன் இரண்டு கையும் மேலே போயின. நானும் சிரித்தபடி சரிப்பா உடம்பைப் பார்த்துக்கோ என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பா, விடு பிரேமா, பிள்ளைங்க அப்படித்தான் என்றார். உங்க பிள்ளையை நீங்களே வச்சுக்குங்க என்று சொல்லிவிட்டேன்.

அழுது முடித்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. நீ ஒரு பக்கம் மட்டும் செய்கிறவன் கிடையாதே. ஹெலன் முன்னால் உட்கார்ந்து பேச, நீ சோபாவில் அவளுக்குப் பின்னால் இருந்துகொண்டு எனக்குக் காட்டுவாயே, அதெல்லாம் என்ன? அவள் சமையலைச் சொன்னால் தலையில் லேசாக அடித்துக்கொள்வாய். அவள் அம்மாவைப் பற்றிப் பேசினால் பொம்பிளை மாதிரி மோவாயைத் தோளில் இடித்துக்கொள்வாய். வீட்டு வேலை செய்கிறாளா என்று நான் கேட்டால் உதட்டைப் பிதுக்கிக் கையை விரிப்பாய். எனக்கு அதெல்லாம் எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா? என் பிள்ளை என் பக்கம் என்று வாயைப் பொத்திச் சிரித்திருக்கிறேன். நானும் நல்லவள் இல்லை சித்தார்த்தா. இரண்டு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அவளுக்குப் புரியாத கையால் என்னிடமும் எனக்குப் புரியாத கையால் அவளிடமும் பேசிப் பேசி நீ நல்ல பிள்ளையாக இருந்திருக்கிறாய். உன் சாமர்த்தியத்துக்கு வகுப்பு எடுத்தால் மாடி கொள்ளாது.

நல்லவேளையாக அந்த வாரம் டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தாள். வெளிநாட்டில் இருக்கிற ஒருவருக்கு நம் ஊர் சைகைகளை விளக்கி ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுதி வர வேண்டும். மற்றவர்கள் யாருக்கோ எழுதுவதாகப் பாவனை செய்து எழுதினார்கள், நான் ஹெலனுக்கே எழுதினேன். தலையில் அடித்தால் என்ன, மோவாயை இடித்தால் என்ன, உதட்டைப் பிதுக்கினால் என்ன, ஒவ்வொன்றையும் உன் கணவர் எந்த நாள் எந்தப் பேச்சுக்குச் செய்தார் என்பது வரை எழுதினேன். அப்போது நான் சிரித்ததையும் எழுதினேன். உன் விரலுக்கு அர்த்தம் எனக்கு இப்போது தெரியும் என்றும் எழுதினேன். டீச்சர் பிழை திருத்திவிட்டு, இதை நிஜமாவே அனுப்பப் போறீங்களாம்மா, நீங்க சிரிச்சதையாவது எடுத்துடலாமே என்றாள். இருக்கட்டும் என்று சொல்லி அப்படியே போட்டோ எடுத்து அனுப்பிவிட்டேன்.

மறுநாளே பதில் வந்தது. அவளாக எழுதியது, எனக்குப் புரிய வேண்டும் என்று சின்னச் சின்ன வரியாக எழுதியிருந்தாள். தன் விரலுக்கும் கண்ணுக்கும் மன்னிப்புக் கேட்டிருந்தாள், சுற்றி வளைக்காமல். நான் இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் கேட்டவள் அவள்தான். நீ மோவாயை இடித்துக்கொள்வதைப் பார்த்துக் கழுத்து வலி என்று நினைத்து உனக்கு விசேஷத் தலையணை வாங்கிக் கொடுத்தாளாமே, வேலை முடிந்து வந்து தோள் பிடித்து விடுவாளாமே, வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு. நீ கண்ணை மூடிப் பிடித்துவிட்டுக்கொண்டாயா? எனக்கு அதைப் படித்தபோது உன்னைப் பெற்றதற்கு வெட்கமாக இருந்தது. நீங்கள் கண்டிப்பாக வர வேண்டும், பிரசவத்துக்கு நீங்கள்தான் என் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். உன்னிடம் இதைப் பற்றி ஒன்றும் கேட்கப்போவதில்லை என்றும் எழுதியிருந்தாள். அதனால் அவள் இத்தனை நாளாக உன்னோடு சாதாரணமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறாளே என்று ஏமாந்துவிடாதே.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். உங்கள் ஹாலில் கல்யாணப் படம் ஒன்றைப் பெரிதாக மாட்டியிருக்கிறாளாமே, ஸ்ரீரங்கத்து மண்டபத்தில் நீ தாலி கட்டி முடித்த கையோடு முன்வரிசையில் இருந்த உன் சிநேகிதன் நவ்ஷாத்தைப் பார்த்துச் சிரித்து, மூன்று விரலால் நெற்றியில் கீழிருந்து மேலே நாமம் இழுத்துக் காட்டுகிற படம். தாலி கட்டியதும் ஊர்ப் பெருமாளை நினைத்துக்கொண்டான் என்று அவள் தன் அம்மாவிடமும் வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். நீங்கள் எல்லாவற்றுக்கும் அர்த்தம் சொன்னீர்களே, இதற்கும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறாள். நான் அன்றைக்கு மணவறைக்குப் பக்கத்தில்தான் நின்றேன், நீ காட்டியதையும் பார்த்தேன், நவ்ஷாத் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டதையும் பார்த்தேன். ஊரில் ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லும், ஒருத்தியை ஏமாற்றிக் காரியம் சாதித்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம். அங்கேயே தங்கும் உரிமைக்காகத்தான் அவளைக் கட்டினாயா என்று அன்றைக்கே உன் சட்டையைப் பிடித்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் பந்திக்கு ஆள் கூப்பிடப் போய்விட்டேன்.

அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை. டிக்கெட் ரத்து செய்யவில்லை, அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி வருகிறேன். ஏர்போர்ட்டுக்கு நீ வர வேண்டாம், ஹெலனே வருவதாகச் சொல்லியிருக்கிறாள். இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்த பிறகு உனக்கு ஒரு பத்து நாளாவது இருக்கும். அதற்குள் அவளை உட்காரவைத்து அந்தப் படத்துக்கு அர்த்தத்தை நீயே சொல்லிவிடு, கையைக் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல். நீ சொல்லாவிட்டால் நான் வந்த அன்றைக்கே படத்துக்கு முன்னால் நின்று சொல்லுவேன். அதற்கு வேண்டிய இங்கிலீஷ் எனக்கு வந்துவிட்டது.

நேரத்துக்குச் சாப்பிடு. ஹெலனைக் கனமான எதையும் தூக்கவிடாதே. குழந்தை நல்லபடியாகப் பிறந்து, கண்ணைப் பார்த்துப் பேசுகிற பிள்ளையாக வளர அரங்கன் அருள் செய்யட்டும். உனக்கும் என் ஆசீர்வாதம் உண்டு, பெற்றவள் என்பதால்.

மறக்காதே, ஒன்பதாம் தேதி.

இப்படிக்கு,
உன் அம்மா
பிரேமலதா