ஸ்டெல்லாவுக்குச் சொல்வதா

6-6-99, ஞாயிறு
காலைப் பூசையிலேயே வேர்த்துக் கொட்டியது. பிறகு புதுச் சாமியாருக்குப் பங்குக் குடும்பப் பதிவேடு எழுதிக் கொடுத்தேன். தங்கை ஸ்டெல்லா பக்கம். திருமணம் நடந்த இடம்: சி.எஸ்.ஐ. கோயில். சாமி நிறுத்தினார்.

"ஆயர்கிட்ட அனுமதி வாங்கினீங்களா?"

எதற்கு என்றேன். பிஷப் அனுமதி இல்லாமல் அங்கே கட்டினால் நம் கத்தோலிக்கத் திருச்சபையில் அது கல்யாணமே இல்லையாம். பன்னிரண்டு வருஷம், இரண்டு பிள்ளைகள். "ரெண்டும் ஒரே ஏசுதான், போய்க் கட்டிக்கோ" என்றவன் நான். சாட்சிக் கையெழுத்தும் நான்.

"தெரியாம செஞ்சது பாவமாகாது. ஆனா இப்ப உங்களுக்குத் தெரியும்," என்றார். சரிசெய்ய இரண்டு மூன்று வாரம் ஆகுமாம். ஸ்டெல்லாவுக்கு வியாழன் கர்ப்பப்பை ஆபரேஷன்.

7-6, திங்கள்
ஆம்பூர் கம்பெனி. தோல் செக்கிங்கில் தழும்பு உள்ளதை இரண்டு முறை நல்ல அடுக்கில் போட்டேன். "இன்னா சார், கண்ணாடி மாத்தணுமா?" என்றான் பக்கத்து மேசை ரஃபீக்.

ஞானோபதேச வகுப்பில் படித்தது: சாவான பாவத்துக்கு, அதாவது நரகத்தில் தள்ளும் பாவத்துக்கு, மூன்று வேண்டும். கனமான காரியம், முழு அறிவு, முழு சம்மதம். ஸ்டெல்லாவிடம் நடுவில் உள்ளது இல்லை. ஞாயிறு தவறாமல் பூசையில் நற்கருணை நன்மை வாங்குகிறவள். நான் வாய் திறந்தால் அறிவு வந்துவிடும். அப்புறம் ஆபரேஷனில் ஏதாவது ஆனால்? சொல்லாமலே ஆனால்?
வாங்க: ஃப்ளாஸ்க், சாத்துக்குடி.

8-6, செவ்வாய்
சாமியிடம் மறுபடி. "அவங்க நல்ல மனசோட இருக்காங்க. உடம்பு தேறட்டும், அப்புறம் சொல்லலாம்." பஸ் ஸ்டாண்டு வரைதான் நிம்மதி.

9-6, புதன்
வார்டு. ஃபேன் சத்தம்தான் ஜாஸ்தி, காற்று கம்மி. சாமியாரை நன்மை கொண்டுவரச் சொல்லட்டுமா என்று ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"வேணாம்ணா. நான் வாங்கி எட்டு வருஷமாச்சு."

விளங்கவில்லை. கல்யாணம் செல்லாது என்று ஒரு கன்னியாஸ்திரி எட்டு வருஷம் முன்பே சொல்லிவிட்டாராம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீதானே கட்டி வச்ச. தெரிஞ்சா ஒடஞ்சிபோவ. உனக்குத் தெரியாத வரைக்கும் உனக்குப் பாவமில்லல்ல."

புருஷன் சாமுவேலிடமும் மூச்சு விடவில்லை. அவன் அப்பா சி.எஸ்.ஐ. சபை உபதேசியார், வீட்டில் சண்டை வரும் என்று பயம்.

எட்டு வருஷம். ஆண்கள் பக்கம் முதல் வரிசையில் நான். ஒரு ஞாயிறு திரும்பிப் பார்த்திருந்தால் அவள் நன்மைக்கு எழுந்து வராதது தெரிந்திருக்கும். வெட்கமாக இருக்கிறது.

வெளியே சாமுவேல் டீயுடன் வந்தான். சொல்லிவிட்டேன். டம்ளரை ஜன்னலில் வைத்தான்.

"சொல்லியிருந்தா அன்னிக்கே வந்திருப்பனே மச்சான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் எங்க கையெழுத்துப் போடணும்? சாமியாரைக் கூட்டிட்டு வா," என்றான்.

10-6, வியாழன்
காலை ஆறு மணிக்குச் சாமி வந்தார். ராத்திரியே ஆயரிடம் நேரில் போய் அவசர அனுமதி வாங்கியிருந்தார். சாமுவேலும் ஸ்டெல்லாவும் மறுபடி கல்யாண வாக்குக் கொடுத்தார்கள். ஸ்டெல்லா பாவசங்கீர்த்தனம் செய்தாள். நன்மை வாங்கினாள். இந்த முறை பார்த்தேன்.

ஆபரேஷன் சம்மதப் படிவம். கணவன்: சாமுவேல். சாட்சி: நான். "சீக்கிரம் சார்" என்றது நர்ஸ் பெண். ஒவ்வொரு வரியும் படித்துவிட்டுத்தான் போட்டேன்.

மணி 11.20. ஸ்டெல்லா தியேட்டருக்குள். இன்னும் கூப்பிடவில்லை.