பச்சைக் கொள்ளும் பீரங்கிக் குதிரைகளும்

இன்று காலை குக்கரில் கொள்ளு வேகிற வாசனை வந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. விசிலை எண்ண மறந்து அடுப்படியிலேயே நின்றேன்.

நீ காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தாய், நான் இளம்பிள்ளை ஊரில் தறி ஓட்டினேன். ஆனாலும் உன் குதிரைப் பீரங்கிப் படையிடமிருந்து நான் தப்ப முடிந்ததா? ஆறு குதிரைகள் பீரங்கியை இழுக்க, வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தனித்தனிக் குதிரையில் கூடவே பாய்ந்து போய், இறங்கின கையோடு சுடுவார்களாம். "எதிராளியா இருந்தாலும் கெட்டிக்காரனுங்க புள்ள" என்பாய்.

அந்தப் படையின் பழைய வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் உன்னைத் தூங்கவிடவில்லை. படை நம் சேலத்துப் பக்கம் நடந்து போகையில் குதிரைகள் இளைத்துப் போயின. தீனிக்கு வைத்த கொள்ளைத் திருடிவிட்டார்கள் என்று குதிரை பராமரித்த நம்மூர் ஆட்களை அடித்து விரட்டினார்கள். அடாத மழையில் விறகு கிடைக்காமல் கொள்ளைப் பச்சையாகவே போட்டோம் என்று அதே புத்தகம்தான் முன்னால் சொல்லியிருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தது நீதான்.

"வேகாத கொள்ளு நம்ம வவுத்துலயே நிக்காது. குதிரை வவுத்துல நிக்குமா?"

சங்ககிரியில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவரிடம் என்னையும் இழுத்துப் போனாய். பச்சைக் கொள்ளு போடச் சொல்லி, மறுநாள் குதிரை போட்ட சாணத்தின் முன்னால் குச்சியும் கையுமாகப் போய் உட்கார்ந்தாய்.

"ஏனுங்கம்மா, காலேசு டீச்சருங்கறீங்க, லத்தியப் போயிக் கிளறறீங்க?" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

"இங்க பாரு, கொள்ளு முழுசு முழுசாக் கெடக்குது. அவங்க திருடுல புள்ள" என்று நிமிர்ந்தாய். உன் கண் கலங்கியிருந்தது. என் சிரிப்பு நின்றுபோனது.

இதை நீ ஒரு கருத்தரங்கில் சொன்னபோது ஒருவர், "குதிரை லத்தியெல்லாம் ஆதாரமாங்க?" என்று கேட்க, கூட்டமே சிரித்தது. நீ அசரவில்லை.

"அவங்களத் திருடனுங்கன்னு எழுதுனதுக்கு என்னங்க ஆதாரம்?"

பேர்கூடத் தெரியாத ஆட்களுக்காக இப்படி மல்லுக்கு நின்ற உன்னோடு பழகியதே எனக்குப் பெருமை.

போன வாரம் எங்கள் குடோனில் நூல் மூட்டைகள் எடை குறைந்தன. மூட்டை இறக்கும் ஆளை நிறுத்திவிடலாம் என்று மகன் குதித்தான். "பொறு சாமி, மொதல்ல நூலப் பாப்போம்" என்றேன். மழையில் ஈரத்தோடு வந்த நூல், காய்ந்து எடை இறங்கியிருந்தது.

அந்த ஆள் இன்றைக்கும் வேலைக்கு வந்தான். நீ யாரென்றே அவனுக்குத் தெரியாது.