நைனா செத்த அன்று நீ அழுதது

என் அம்மாவே, வாய் திறக்காத என் தங்கமே,

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நம் ஊர் ஆந்திராவில் இருப்பதால் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித்தந்தது தெலுங்கு. தமிழ் எழுத்தைப் பொட்டலத் தாளில் கூட்டிக் கூட்டி நானே பிடித்தேன். உனக்கோ எந்த எழுத்தும் தெரியாது. அதனால் ஊரே படிக்கட்டும் என்று எழுதுகிறேன். யாராவது ஒருவர் உனக்குப் படித்துக் காட்டாமலா போவார்?

நைனா செத்த அன்று நீ என்ன சொல்லி அழுதாய்?

நான் அங்கே இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி சாவு வீட்டுக்குப் போகக் கூடாது என்று விஜயபுரத்தில் என் மாமியார் வாசலை மறித்து நின்றாள். பெற்ற அப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டிய அவசியமும் இல்லை.

பிறகு பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். “உங்கம்மா ஒப்பாரில பேசாத பேச்செல்லாம் பேசிட்டாடி. ஆம்பளைங்க தலைய குனிஞ்சிக்கினு நின்னாங்க.” என்ன பேசினாள் என்று கேட்டால் வாயை மூடிக்கொண்டார்கள். உன்னையே கேட்டேன், விடாமல் கேட்டேன். “அழுதது அழுதாச்சு, போய் சோறு துன்னு” என்றாய். நைனா முன்னால் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள் நீ. அந்த ஒரு நாள்தான் பேசினாய். அந்த நாள் எனக்கு வேண்டும் அம்மா. இது பேராசையா?

அன்று உன்னைக் கட்டிக்கொண்டு அழுதவர்களில் இப்போது மிச்சம் உன் தங்கை மட்டும்தான். திருப்பதியில் மகன் முனிரத்தினத்தின் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். மாசியில் போனேன். செல்போனில் பேச்சைப் பதிவுசெய்ய என் மகன் சொல்லிக்கொடுத்திருந்தான்.

சித்தி எதையும் மறைக்கவில்லை. “உங்கம்மா கடலைக்காய் மூட்டை மேல ஏறி நின்னுதான் மாப்பிள்ளைய எட்டிப் பாத்தா. மூட்டை சரிஞ்சி அந்த மனுசன் கால்கிட்டயே விழுந்தா” என்று சொல்லிச் சிரித்தாள். இதை நீ எனக்குச் சொன்னதே இல்லையே!

உன் ஒப்பாரியைப் பற்றிக் கேட்டதும் சித்தியின் சிரிப்பு நின்றது. “அத மட்டும் கேக்காதடி. சாவு இல்லாத வூட்ல ஒப்பாரி வெச்சா சாவு வந்துடும்.” சமையலறையிலிருந்து மருமகள் லாவண்யா கரண்டியோடு ஓடிவந்தாள். “வத்து வதினா! இண்ட்லோ வத்து!”

வீட்டுக்குள்தானே வேண்டாம் என்கிறாள்? சித்தியைக் கைப்பிடித்து லிஃப்டில் கீழே இறக்கி, கார் நிற்கும் இடத்தில் உட்காரவைத்தேன். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, “ஏ...” என்று இழுத்தாள். அவ்வளவுதான். வாட்ச்மேன் பதறிக்கொண்டு வந்தான். “எவரு போயாரு பெத்தம்மா?”

“இன்னும் யாரும் போவலப்பா. நான்தான் லேட்டு” என்றாள் சித்தி.

முனிரத்தினம் வந்து குதித்தான். “எங்கம்மா உயிரோட இருக்கும்போதே உனுக்கு ஒப்பாரி கேக்குதாக்கா?”

“செத்த பொறவு அவ பாடுவாளாடா?” என்றேன்.

நான் கிளம்பும்போது சித்தி காதோடு சொன்னாள்: “எங்கியாவது ஒரு சாவு வந்தா சொல்லி அனுப்பு. அங்க வெச்சிப் பாடறேன்.”

அன்றிலிருந்து ஒரு சாவுக்குக் காத்திருந்தேன் அம்மா. சித்திரையில் நாகலாபுரத்து அத்தை மகன் கண்ணப்பன் போய்விட்டார். செய்தி வந்ததும் எனக்கு அவர் முகம் நினைவுக்கு வரவில்லை, சித்தியின் முகம்தான் வந்தது. சொந்தத்துச் சாவை மறுக்க முடியாமல் முனிரத்தினம் அவளைக் காரில் அழைத்துவந்தான்.

பெண்கள் வட்டமாக உட்கார்ந்தோம். சித்தி என் தோளில் கைபோட்டாள். என் மடியில் செல்போன் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் கண்ணப்பனுக்கு முறையாக அழுதாள். பிறகு குரல் மாறியது. இதோ வந்துவிட்டாய் என்று நினைத்தேன்.

“மாடி மேல மாடி வெச்ச மகனே, நான் மண்ண மிதிக்க எடம் வெச்சியா? பேச்சு மாறிப் போன ஊர்ல என் பேச்சுக்கு ஆள் வெச்சியா?”

வந்தது நீ இல்லை. அது சித்தியின் சொந்த அழுகை. முனிரத்தினம் பந்தலை விட்டு நடந்துபோய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டான்.

எல்லாம் முடிந்து கால் கழுவும்போது, “அம்மாது எங்க சித்தி?” என்றேன். என் குரலில் கோபம்தான் இருந்தது.

“வாய் வரைக்கும் வந்துச்சிடி. என்னுது முந்திக்கிச்சி.” கால்மேல் இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். “அடிக்கு அடி ‘என்னைக் கேட்டியா’ன்னு முடிச்சா அக்கா. அதுக்கு முன்னால இன்னா சொன்னான்னு... போயிடுச்சிடி.”

என்னைக் கேட்டியா. எதை அம்மா? நைனா கிணற்று நிலத்தை விற்றதையா? என் படிப்பை நிறுத்தியதையா? என்னை விஜயபுரத்தில் கொடுத்ததையா? இந்த மூன்றில் ஒன்றையாவது நீ வேண்டாம் என்று நினைத்திருந்தாய் என்று தெரிந்தால் போதும். தெரியவில்லையே! வாலை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டு மாடு ஓடிவிட்டது.

முனிரத்தினம் இப்போது என் போனை எடுப்பதில்லை. சித்தி மறுபடி பாட இன்னொரு சாவு வேண்டும். அது அவளுடையதாகவே இருந்துவிட்டால் நான் யாரிடம் போவேன்? எனக்கு ஒன்றும் புரியவில்லை அம்மா. இந்த வயதில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன்.

ஆனாலும் விடுவதாக இல்லை. திருப்பதிக்குப் பேருந்து ஓடுகிறது. அவர்கள் கதவைத் திறக்காவிட்டால் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வேன். சித்திக்கு மூச்சு இருக்கும்வரை, எனக்குக் கால் இருக்கும்வரை, போய்க் கேட்பேன். இது உன்மேல் சத்தியம்.

உன் தோளைப் பிடித்து அழ விடப்படாத,
உன் மூத்த மகள்