410 முதல் 460 வரை

1987 ஜூன் 16, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. பஸ் அரை மணி நேரம் தாமதம். ஹட்டனில் இறங்கும்போது தேயிலைக் கொழுந்து நிறுவைப் புத்தகங்களைச் சுற்றியிருந்த பொலித்தீனுக்குள்ளும் தண்ணீர். என் கால்சட்டையின் கதியைப் பற்றி எழுதாமல் இருப்பதே நல்லது.

இன்று செய்ய வேண்டியவை:
– தோட்டத்தின் மூன்று பிரிவுகளுக்கும் கொழுந்துக் கிலோவை கொம்பியூட்டரில் ஏற்ற (இரண்டு முடிந்தது)
– பிரிண்டருக்கு ரிப்பன் (கடையில் இல்லை)
– அக்காவின் முட்டிக்குத் தைலம்
– ராஜனுக்குப் பதில்

தோட்ட ஆபீஸில் கிளார்க் வேலை. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் ஹட்டன் வட்டார ஆபீஸில் கொம்பியூட்டர் வேலை. தபால் வழிப் பாடத்தில் 'பேசிக்' கொம்பியூட்டர் மொழி படித்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

என் கூட்டாளி ராஜன் கொழும்பிலிருந்து கொம்பியூட்டர் சஞ்சிகைக் கட்டு அனுப்பியிருந்தான். நான்கு. எல்லாம் போன வருஷத்தவை, அவன் கம்பெனியில் கழித்துப் போட்டவை. உலகம் ஒரு சண்டையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போன பிறகுதான் முதல் சண்டை எனக்கு வந்து சேர்கிறது. புரோகிராமில் GOTO கட்டளை வேண்டுமா வேண்டாமா என்று நானும் ராஜனும் இரண்டு வருஷம் கடிதத்தில் அடித்துக்கொண்டோம். அங்கே அதை யாரும் இப்போது பேசுவதே இல்லையாம்.

புதுச் சண்டை: உள்ளே வரும் எண்களை புரோகிராம் நம்ப வேண்டுமா, சந்தேகப்பட வேண்டுமா? ஒவ்வொன்றையும் சந்தேகி என்று ஒரு கட்சி. புரோகிராமைப் பாவிப்பவனை நம்பாவிட்டால் எதற்கு அவனுக்கு எழுதிக் கொடுக்கிறாய் என்று மறு கட்சி. நான் முதல் கட்சி. அங்கேயே உட்கார்ந்து என் புரோகிராமில் ஆறு வரி சேர்த்தேன், வரி எண் 410 முதல் 460 வரை. காலை நிறுவையும் பகல் நிறுவையும் குறைந்து, அந்தி நிறுவை திடீரென்று இரண்டு மடங்கானால் அந்த ஆளின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும். எழுத்துப் பிழையைப் பிடிக்கத்தான். முதல் ஓட்டத்திலேயே என் பிழை ஒன்று அகப்பட்டது, 9-க்குப் பதில் 19. பெரிய சந்தோஷம். திரும்பும் வழியெல்லாம் மழை உறைக்கவில்லை.

ஜூன் 19, வெள்ளி

மழை விட்டுவிட்டு. மூடுபனி. எதிர் பஸ் தெரியவில்லை.

போன இரண்டு கிழமைக் (வாரக்) கணக்கும் ஓட்டினேன். பதினொரு நட்சத்திரம். நான்கு என் தட்டச்சுப் பிழை. மிச்சம் ஏழும் ஒரே பெயர்: மாரியாயி, மேல் பிரிவு. கொழுந்துப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். புத்தகத்திலும் அதே எண்தான்.

பிழை இல்லை என்று தெரிந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. பிரிண்டரிலிருந்து தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு நேரே தோட்ட மேனேஜர் துரையிடம் ஓடினேன், என் ஆறு வரியின் சாமர்த்தியத்தைக் காட்ட. துரை கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டு, தாளைப் பார்த்தார். மேல் பிரிவில் கொழுந்து நிறுத்து மேற்பார்க்கும் கண்டாக்கையாவை வரச் சொன்னார். பிறகு என் தோளில் தட்டினார். கொழும்பில் கொம்பியூட்டர் பிரிவு ஒன்று திறக்கப் போகிறார்களாம், என்னைப் பற்றி எழுதுவாராம்.

கொழும்பு. ராஜனோடு நேருக்கு நேர் சண்டை போடலாம். சஞ்சிகை அந்த மாதமே கைக்கு வரும்.

தைலம் வாங்கினேன். ரிப்பன் இன்றும் இல்லை.

ஜூன் 23, செவ்வாய்

ஹட்டன் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை.

கூடப் பிறந்த பிலோமினா அக்கா இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். மேல் பிரிவில் கொழுந்து எடுக்கிறவள், காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனால் அந்திக்குத்தான் வீடு. நேற்று வந்து கூடையை இறக்கிய கையோடு கேட்டாள்.

"அந்தப் பட்டியல் நீ குடுத்ததா தம்பி?"

ஆமாம் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன், பிறகு எனக்கே மாற்றிச் சொல்லிக்கொள்ளாமல் இருக்க.

சனிக்கிழமை அந்தி நிறுவைக்கு முன்னால் கண்டாக்கையா மறைவில் நின்று பார்த்திருக்கிறார். மாரியாயி அக்காவுக்கு மூச்சு இழுப்பு. மழைக்காலத்தில் மலை ஏறினால் மூச்சு வாங்கும். அன்றைக்கு எடுக்க வேண்டிய கிலோ சேராது. அதனால் தேயிலை நிரையில் பக்கத்தில் நிற்கிறவர்கள் நிறுவைக்குப் போகும் வழியில் ஆளுக்கு இரண்டு கை கொழுந்தை அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். என் அக்காவும் போடுகிறவள். அன்று எல்லோரும் பிடிபட்டார்கள். மற்றவர்களுக்கு ஏச்சு. மாரியாயி அக்கா மட்டும் இனி பெரட்டுக்கு வர வேண்டாம், டாக்டரிடம் துண்டுச் சீட்டு கொண்டு வந்தால் பார்க்கலாமாம்.

டாக்டர் என்ன எழுதுவார் என்று எல்லோருக்கும் தெரியும். வேலைக்கு ஆகாது என்று எழுதுவார். வேலை இல்லாவிட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டுக் காம்பராவும் இல்லை. இரண்டு பெண் பிள்ளைகள். புருஷன் செத்து நான்கு வருஷம்.

"நீ வயித்துல இருந்தப்ப அம்மா கூடையிலயும் இப்புடித்தான் போட்டாங்க," என்றாள் அக்கா. "இல்லாட்டி நீ ஏது, ஒன் மெசினு ஏது."

இது எனக்குத் தெரியாததா? சின்ன வயதில் நிறுவைக்குப் போகும் பாதையில் நின்று என் கண்ணால் பார்த்ததுதானே. வேறு ஊர்க்காரன் எழுதியிருந்தால் அறியாமல் செய்தான் என்று சொல்லலாம். அந்த ஏழு வரியிலும் மாரியாயி என்ற பெயரைப் பார்த்தேன். பக்கத்து லயத்து மாரியாயி அக்காவைப் பார்க்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 26, வெள்ளி

காற்று. மின்சாரம் இரண்டு தரம் போய் வந்தது.

ஹட்டன் போனதும் முதல் வேலை, 410 முதல் 460 வரை அழித்தேன். ஓட்டினேன். ஒரு நட்சத்திரமும் இல்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு துரையிடம் போய், புரோகிராமில் பிழை இருந்தது, பட்டியலை நம்ப வேண்டாம் என்றேன். துரை சிரித்தார். பிழையானால் கண்டாக்கு எப்படி நேரில் பிடித்தார் என்று கேட்டார். இனி அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கண்டாக்குக்கு வித்தை பிடிபட்டுவிட்டது என்றார்.

கண்டாக்கையா வெளியில் நின்றார். சட்டைப் பையில் சின்னக் குறிப்புக் கொப்பி. காட்டினார். அந்தி நிறுவைக்கு நேரே சிவப்புப் பென்சிலால் நட்சத்திரம். என்னுடையதை விட அழகாகப் போட்டிருக்கிறார். அதை எந்த வரியில் போய் அழிப்பது?

கொழும்பிலிருந்து எனக்குக் கடிதம். அடுத்த மாதம் நேர்முகம்.

ஜூன் 28, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போனேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்காமல் வந்துவிட்டேன்.

ராஜனின் மிச்ச சஞ்சிகைகளைப் படித்தேன். இன்னொரு புதுக் கட்சி. புரோகிராம் எழுத உட்காருவதற்கு முன்னால், வேலை நடக்கும் இடத்துக்குப் போய் அந்த ஆட்களோடு சில நாள் நில் என்கிறார்கள். படம் எல்லாம் போட்டு எட்டுப் பக்கம். கொழுந்து நிறுக்கும் இடம் எங்கள் வாசலிலிருந்து கூப்பிடு தூரம். நான் அங்கே போய் நின்று பத்து வருஷமாகிறது.

ராஜனுக்கு எழுத ஆரம்பித்து கிழித்துப் போட்டேன்.

ஜூன் 30, செவ்வாய்

மழை இல்லை. ரிப்பன் கிடைத்தது.

அந்திக்கு வீட்டுக்கு வந்தால் மாரியாயி அக்கா அடுப்பங்கரையில், அக்காவோடு. என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவள் எனக்கு எழுந்து நிற்பதைப் பார்க்க முடியவில்லை.

துரைக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் வேண்டும் என்றாள். யார் மேலும் குறை இல்லை, கண்டாக்கையா மேலும் இல்லை, மெசின்தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டது என்று எழுத வேண்டுமாம். எழுதினேன். ஐந்து வரி. நடுவில் இரண்டு தரம் மூச்சு வாங்கினாள், நான் பேனாவை நிறுத்திக் காத்திருந்தேன். பெருவிரலில் மை தடவி வைத்தாள்.

கடிதத்தை மடித்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏந் தம்பி, நாங்க கொழுந்து போட்டுக்கிறது அந்த மெசினுக்கு எப்புடித் தெரியும்? யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

அக்கா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதுவதை நிறுத்தினாள்.

மெசின் கொழும்பிலிருந்தே அப்படித்தான் வந்தது என்றேன்.

நீங்க நல்லா இருக்கணும் தம்பி என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா எனக்குச் சோறு போட்டுவிட்டு மறுபடி அடுப்பை ஊதப் போனாள்.